தாலி கட்டியபின் கேட்ட சம்மதம்

மணமேடை. நாதசுரம் முழங்குகிறது, தாலி ஏறிவிட்டது. அதற்குப் பிறகு பெரியவர் ஒருவர் மணப்பெண்ணின் பக்கம் குனிந்து, “அம்மா, உனக்குச் சம்மதந்தானே?” என்று கேட்கிறார். பெண் தலைநிமிர்ந்து, “இல்லை” என்றால், அவளை அடங்காப்பிடாரி என்கிறது ஊர். கேட்டவரையோ, பெண்ணின் கருத்தை மதித்த பெருந்தகை என்று புகழ்கிறது!

சிரிக்கிறீர்கள், தோழர்களே! இதே கூத்துத்தான் கூடங்குளத்தில் நடந்தது.

1988இல் சோவியத்து நாட்டுடன் ஒப்பந்தம். 1989இல் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இசைவு. ஆயிரம் மெகாவாட் வீதம் இரண்டு அணு உலைகள். பின்னர் சோவியத்து ஒன்றியமே சிதறிற்று. 1994இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தது. 1997இல் மக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமாயிற்று. 2002இல்தான் உலைக்குக் கான்கிரீட் கொட்டினர். ஆயினும், இசைவு 1989இலேயே கிடைத்துவிட்டது, ஊராரைக் கேட்க வேண்டியதில்லை என்றனர். புகுஷிமா விபத்து நடந்த 2011இல் இடிந்தகரை மக்கள் எழுந்து நின்றபோது, முதல் உலை ஏறத்தாழக் கட்டி முடிந்திருந்தது. அப்போதுதான், அச்சம் போக்க வல்லுநர் குழு வந்தது! 2012இல் உயர்நீதிமன்றமும், 2013 மே திங்களில் உச்சநீதிமன்றமும் வழிவிட்டன. சட்டப்படி சரி. அறப்படி?

பகுத்தறிவாளனுக்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு, மறைப்பானேன்? மின்சாரம் வேண்டும். 2012இல் தமிழகம் மின்வெட்டில் தவித்ததை மறந்தோமில்லை. விஞ்ஞானத்தை வெறுப்பவன் நம் பாசறையில் இல்லை. மீனவரின் அச்சத்தில் சில மிகையாகவும் இருந்திருக்கலாம். ஆனால், அதை அறியாமை என்று ஏசியோர், அறிவதற்கான ஏட்டையேனும் தந்தனரா? தள ஆய்வறிக்கையையும் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் வெளியிடுமாறு 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் ஆணையிட்டது. அணுமின் கழகமோ அதை எதிர்த்து நீதிமன்றம் ஏகிற்று. ஏட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு, “வல்லுநர் சொல்லிவிட்டார், நம்பு” என்பதா விஞ்ஞானம்? “வேதத்தை நீ படிக்கலாகாது, அதில் உள்ளதை நான் சொல்கிறேன், கேள்” என்ற குரல் நமக்குப் புதிதா? ஓலைச்சுவடி போய்க் கோப்பு வந்திருக்கிறது, அவ்வளவே.

2020இல் இன்னொரு வேடிக்கை. இந்த மதிப்பீட்டு நடைமுறையையே மாற்ற மத்திய அரசு ஒரு வரைவு அறிவிக்கை வெளியிட்டது. இசைவின்றித் தொடங்கிவிட்ட பணிக்குப் பின்னர் இசைவு வழங்கவும் அதில் வழி இருந்தது. தாலிக்குப்பின் சம்மதம் கேட்பதை விதியாகவே எழுதிவிடும் முயற்சி! குடிமக்களே, கருத்துக் கூறுங்கள் என்று அழைத்தனர், ஆங்கிலத்திலும் இந்தியிலும்! அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் பத்து நாளில் பெயர்த்துத் தருக என்று டில்லி உயர்நீதிமன்றம் சூன் 30ஆம் நாள் ஆணையிட வேண்டியிருந்தது. பெயர்த்துத் தந்தனரா? உச்சநீதிமன்றத்துக்கு மேல்முறையீடு சென்றனர். இடிந்தகரையில் வலை பின்னுகிறவர் கையில் தமிழில் ஓர் ஏடு தருவதற்குத்தான் இத்தனை வழக்கு!