காரை ஓட்டிப் போவதா, ஏற்றி அனுப்புவதா?

சென்னையில் இருப்பவருக்கு டெல்லிப் பக்கம் மாற்றல் வந்தால், கட்டில், பீரோ, பாத்திரம் பண்டம் பற்றி வீட்டில் அதிகப் பேச்சு எழுவதில்லை. பேக்கர்ஸ்காரர்கள் கட்டி எடுத்துப் போய்விடுவார்கள். பேச்சு நீள்வது கார் விஷயத்தில்தான். லாரியில் ஏற்றிவிட்டு விமானத்தில் போவதா, ஏறக்குறைய 2,200 கிலோமீட்டரை நாமே ஓட்டிக் கடப்பதா?

கணக்குப் போட்டு முடிவெடுக்கத்தான் நாங்களும் உட்கார்ந்தோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் அந்தத் தூரத்துக்கு 147 லிட்டர் பெட்ரோல் கேட்கும். வழிநெடுகச் சுங்கச்சாவடிகள், இரவுத் தங்கல், சாப்பாடு தனி. மறுபக்கம் லாரி வாடகை, காப்பீடு, குடும்பத்துக்கு விமான டிக்கெட். கூட்டிப் பார்த்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. பணம் தீர்த்துவைக்கும் கேள்வியல்ல இது.

அலுவலக வேலைகளும் இரண்டு வழிக்கும் ஒன்றுதான். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். புதிய மாநிலத்தில் சாலை வரி கட்டிவிட்டு, இங்கே கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்க வேண்டும். 2021இல் வந்த பி.எச். வரிசைப் பதிவு அரசு ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது கிளை உள்ள நிறுவனங்களில் வேலை செய்வோருக்கும் இந்த அலைச்சலைக் குறைக்கிறது. பழைய வண்டி என்றால் டெல்லியின் வயது வரம்பு விதிகளை முதலில் விசாரித்துவிடுங்கள். அங்கே ஓட முடியாத வண்டியை எப்படிக் கொண்டு போனாலும் வீண்தான்.

"லாரியில ஏத்திவிட்டுட்டு ஃப்ளைட்ல போய்ச் சேருங்கடா, எதுக்கு இந்த அலைச்சல்?" என்றார் அண்ணன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் ஓட்டிப் போவதென்றே முடிவு செய்தோம். நானும் மனைவியும் மாற்றி மாற்றி, பகலில் மட்டும் ஓட்டினோம்.

அந்தச் சாலை எங்களுக்குக் கொடுத்ததை இன்னும் நன்றியோடு நினைக்கிறேன். கடப்பா பக்கம் பெண்ணாறு. கர்னூலில் துங்கபத்திரை. பீச்சுப்பள்ளியில் கிருஷ்ணா. நிர்மலுக்கு முன்னால் கோதாவரி. இவையெல்லாம் கிழக்கே வங்கக் கடலுக்குத் தண்ணீர் கொண்டு போகும்போது, நர்மதை மட்டும் ஏன் மேற்கே போகிறது என்று பாலத்தின் மேலேயே மகள் கேட்டாள். புத்தகத்தில் வரிசையாக எழுதி மனப்பாடம் செய்திருந்த பெயர்கள் அவை. நாகபுரியைத் தாண்டி பெஞ்ச் காட்டுக்குள், விலங்குகள் அடியில் கடந்து போவதற்காகச் சாலையையே தூண்கள்மேல் உயர்த்தியிருக்கிறார்கள். குவாலியருக்கு அப்பால் சம்பல் ஆறு மண்ணை அரித்து அரித்து உண்டாக்கிய பள்ளத்தாக்குகள். பிறகு ஆக்ராவில் யமுனை.

இதைவிடப் பெரியது வேறொன்று. மூட்டை கட்டும் வாரத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. பட்டியல் மட்டுமே பேசுகிறது. போய் இறங்கிய பிறகோ கேஸ் இணைப்பு, பள்ளிச் சேர்க்கை என்று ஓட்டம். பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்தாகிவிட்டது, புதிய சாவி இன்னும் கைக்கு வரவில்லை என்ற அந்த இடைப்பட்ட நாட்களில்தான், அம்மாவைத் தனியாக விட்டுவந்த கவலையை மனைவி முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். அதிலாபாத் தாண்டும்வரை அதைப் பற்றியே பேசினோம். மூன்று மணி நேர விமானப் பயணத்தில் அந்தப் பேச்சு எழுந்திருக்காது. ஓர் ஊரை விட்டு வந்தோம் என்பது மனதுக்குள் இறங்கச் சில நாட்கள் வேண்டும். சாலை அந்த நாட்களைத் தருகிறது.

இதற்காக எல்லோரும் ஓட்டிப் போக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்திருக்கிறார்கள். நள்ளிரவுவரை பெட்டி கட்டிவிட்டு விடியற்காலையில் தனி ஆளாக ஸ்டீயரிங் பிடிப்பது உயிரோடு விளையாடுவது. கைக்குழந்தையோ முதியவர்களோ இருந்தால், இரண்டாவது ஓட்டுநர் இல்லையென்றால், மூன்றாம் நாளே வேலையில் சேர வேண்டுமென்றால், தயங்காமல் லாரியில் ஏற்றிவிடுங்கள். ஏற்றும் முன் வண்டியின் நான்கு பக்கத்தையும், ஓடிய கிலோமீட்டர் காட்டும் மீட்டரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சாமான் வைக்காதீர்கள். டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் போதும். காப்பீட்டை எழுத்தில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

மத்திய அரசு ஊழியருக்கு, 2,000 கிலோமீட்டருக்கு மேல் மாற்றல் ஆனால் புதிய இடத்தில் சேர 15 நாள் அவகாசம் உண்டு. விமானத்தில் போனால் அதிகபட்சம் 12. பயணம் செய்ய நாள் வேண்டும் என்பதை 1979ஆம் ஆண்டு விதிகளே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. தனியார் நிறுவனத்தில் இருப்பவர்கள் மாற்றல் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, சேரும் தேதியை ஒரு வாரம் தள்ளிக் கேளுங்கள். அந்த வாரம் கிடைத்தால் ஓட்டிப் போங்கள்.