மூன்றாம் கோணம்

"காணாததை நம்பாதீர் என்று மேடைதோறும் முழங்குகிறீர்களே! முக்கோணத்தில் இரண்டு கோணங்களை அளந்துவிட்டு, அளக்காத மூன்றாவதை இவ்வளவென்று சொல்கிறீர்களே, அது மட்டும் நம்பிக்கை ஆகாதோ?" ஆத்திக அன்பர்கள் நம்மை மடக்க விரும்பித் தொடுக்கும் வினா இது. நம் தோழர்கள் சிலர் சிரித்துத் தள்ளுகின்றனர். தள்ளத் தக்கதன்று, நல்ல வினா.

துறைமுகமும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் நெருக்கி நிற்கும் காட்டுப்பள்ளிக் கரையிலே இரண்டு கழிகளை நட்டு, கடலில் நிற்கும் படகொன்றை அவ்விரண்டிலிருந்தும் நோக்கச் சொல்கிறோம் மாணவரை. ஒரு கழியருகே 70 பாகை, மற்றதனருகே 60. படகிலே 50 என்கிறோம். "படகுக்குப் போய் அளந்தது யார், ஐயா?" என்கிறான் மீனவச் சிறுவன். "180 என்று நூலில் இருக்கிறது" என விடையிறுத்தால், நாமும் பூசாரியும் ஒரே திண்ணையில் அமர்ந்தவராவோம்! படகின் வழியே கரைக்கு இணையாக ஒரு கோடு இழுக்க வேண்டும். கழிகளருகே உள்ள இரு கோணங்களும் ஒன்றுவிட்ட கோணங்களாய் அக்கோட்டின்மீது வந்து, படகின் கோணத்துக்கு இருபுறமும் அமரும். மூன்றும் சேர்ந்தால் நேர்கோடு, அதுவே 180. சிறுவன் தானே வரைந்து காண்கிறான். ஆசிரியரின் வாக்கு அவனுக்குத் தேவைப்படவில்லை.

ஆயினும், அளக்க இயலும் இடத்தில் அளக்காமல் விடலாமா? 1802இல் பரங்கிமலையருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்து, நாடெங்கும் முக்கோணங்களைப் பின்னத் தொடங்கினார் வில்லியம் லாம்டன். அரை டன் எடைகொண்ட தியோடலைட்டைக் குன்றுகளிலும் கோபுரங்களிலும் ஏற்றினர் கூலியாட்கள். அவர்தம் பெயரை எவர் எழுதிவைத்தார்? 1808இல் தஞ்சைக் கோயிலில் ஏற்றுகையில் கருவி மோதிப் பழுதுபட்டது. கழித்தாலே கிடைக்கும் மூன்றாம் கோணத்துக்கு ஏன் இத்தனை பாடு? இயன்ற இடங்களில் மூன்றையும் அளந்து கூட்டினால்தான் முதலிரண்டில் நேர்ந்த பிழை வெளிப்படும். கழித்துப் பெற்ற கோணமோ அப்பிழைகளையெல்லாம் வாய்திறவாது விழுங்கிக்கொண்டு, 180 என்று பொய்க்கூட்டல் காட்டும்.

இமய முடியிலோ அந்நாளில் கருவியை வைக்க இயலவில்லை. அங்கே கழித்தலே வழியாயிருந்தது. எனவேதான் ஒரே முக்கோணத்தை நம்பி இருந்துவிடாமல், 1849–50இல் 100 மைலுக்கும் அப்பாலிருந்து, 6 இடங்களில் நின்று நோக்கினர். ராதாநாத் சிக்தர் உள்ளிட்டோர் கணக்கிட, 1856இல் 29,002 அடி என அறிவித்தனர். (சிகரத்துக்குச் சூட்டிய பெயர் எவரெஸ்டுடையது; அந்த அநீதி வேறு கதை.) 1953இல்தான் மனிதர் அதன் உச்சியில் கால் வைத்துத் திரும்பினர். 2020இல் அறிவித்த அளவு 8,848.86 மீட்டர்; வேறுபாடு ஏறத்தாழ 30 அடி. மேலுலகம் பற்றி உரைப்போரை ஆறு திசைகளில் நிறுத்திக் கேட்டால், அவர்தம் அளவுகள் ஒத்துவருமா? பிழை இத்தனை அடி என்று அவருள் எவரேனும் ஒப்பியதுண்டா?

நம் விதிக்கும் எல்லை உண்டு. சிறுவனிடம் அதை மறைக்கலாகாது. 180 என்பது தட்டைப் பரப்பின் விதி. உருண்ட புவியின்மேல் முக்கோணம் பெரிதாகப் பெரிதாகக் கூட்டுத்தொகை மிகும். ஏறத்தாழ 197 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை வீதம். பழவேற்காடு ஏரியைப் போல் 450 சதுர கிலோமீட்டர் பரந்த முக்கோணத்தில் இரண்டு விகலைக்குச் சற்று மேல். பள்ளிக்கூடத்துப் பாகைமானிக்கு அது புலப்படாது. நில அளவையாளரோ அந்த மிகுதியையும் சேர்த்தே கூட்டலைச் சரிபார்த்தனர்.