மணி எங்க பாத்தோம்?



ஒரு சின்ன சம்பவத்தைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரியின் வீட்டுக்குப் போனேன். சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பகலில் பயர் ஆபீசில் வேலை. மூன்று மாதமாக முழு இரவு ஜெபத்துக்கு அந்தச் சகோதரி வரவில்லை. விசாரித்துவிட்டு, கொஞ்சம் புத்தி சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். ஆம், புத்தி சொல்லத்தான்!

ராத்திரி ஒன்பது மணி. டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டு இருந்தார்கள். பக்கத்தில் பசைக் கிண்ணம். மகள் சுருட்டினதை எண்ணி அடுக்கிக்கொண்டு இருந்தாள்.

"என்னம்மா, ஜெபத்துக்கு ஆளையே காணோமே? மாசத்துக்கு ஒரு ராத்திரி ஆண்டவருக்குக் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"வரணும்னுதான் இருக்கு அண்ணாச்சி. உக்காந்தா தூங்கிருவேன். தூங்குறதுக்கு எதுக்கு அங்க வரணும்னுதான் வரலை."

"அப்படி வாரத்துக்கு எத்தனை மணி நேரம்தான் வேலை பாக்குற?"

கையை நிறுத்தாமலே சொன்னார்கள்: "மணி எங்க பாத்தோம் அண்ணாச்சி? எண்ணிக்கைதான் பாத்தோம்."

பிரியமானவர்களே, நான் கொண்டுபோன புத்திமதி வாயிலேயே நின்றுவிட்டது. சட்டைப்பையில் ஒரு காணிக்கைக் கவர் இருந்தது. அதன் பின்பக்கத்திலே, அவர்களைக் கேட்டுக் கேட்டு ஒரு கணக்கு எழுதினேன். காலை நாலரைக்கு எழும்புகிறார்கள். ஏழு மணி வரை தண்ணீர், சமையல், பிள்ளைகள். எட்டு மணிக்கு வேலை. சாயங்காலம் ஐந்தரை வரை. நடுவில் அரைமணி சாப்பாடு. ஆக ஒன்பது மணி நேரம், ஆறு நாளைக்கு 54. ராத்திரி குழாய் சுருட்டுவது இரண்டு மணி, அது 12. வீட்டு வேலை காலையும் மாலையும் சேர்த்து நாலரை மணி, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, அது 31½. கூட்டிப் பாருங்கள், 97½ மணி! போக வர கம்பெனி பஸ்ஸில் 9 மணி. தூக்கம் ஒரு நாளைக்கு ஆறு, வாரத்துக்கு 42. ஆண்டவர் எல்லோருக்கும் சமமாகக் கொடுத்த 168 மணி நேரத்தில் அந்தச் சகோதரிக்கு மிஞ்சுவது 19½. அதற்குள்ளேதான் ஞாயிறு ஆராதனை, நல்லது கெட்டது, ஆஸ்பத்திரி, ரேஷன் கடை எல்லாம். அதிலேதான் நான் ஒரு முழு ராத்திரியைக் கேட்டுப் போயிருந்தேன்.

இந்த வீட்டு வேலைக் கணக்கை நான் ஏதோ மிகைப்படுத்திச் சேர்த்ததாக நினைக்க வேண்டாம். மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷமும் ஆண்கள் 88 நிமிஷமும் செலவிடுகிறதாக வந்தது. நம் வீட்டில் 88 நிமிஷம் உண்டா என்று சகோதரர்கள் யோசித்துப் பாருங்கள்! என் வீட்டில் கிடையாது.

அதற்குப் பிறகு எனக்கு இது ஒரு பழக்கமாகிவிட்டது. யாரைப் பார்த்தாலும் வாரத்துக்கு எத்தனை மணி என்று கேட்பேன். விருதுநகரில் கலெக்டர் ஆபீசில் இருக்கிற நம் சகோதரர், காலை 10 முதல் மாலை 5.45 வரை, ஐந்து நாள். சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்தே 39 மணிக்குள். ராஜபாளையம் நூல் மில்லில் வேலை பார்க்கிறவர் ஆறு ஷிப்ட், 48 மணி. சங்கு ஊதினால் வேலை முடிந்தது. பருப்புக் கடையில் கணக்கு எழுதுகிறவர் காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது, 70 மணிக்குக் குறையாது. ஜவுளிக்கடையில் நிற்கிற தங்கச்சிக்கும் அதே அளவுதான், ஆனால் அது நின்றபடியே. (கடைகளில் நிற்கிறவர்களுக்கு உட்கார ஓர் இருக்கை கொடுக்க வேண்டும் என்பதற்கே 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ஒரு ஸ்டூல் போடுவதற்குச் சட்டம்!) நின்ற ஒரு மணியும் ஏ.சி. அறையில் உட்கார்ந்த ஒரு மணியும் ஒன்றா? அலுமினியப் பவுடர் படிந்து தலை முதல் கால் வரை வெள்ளியாய் மினுங்க, ஒரு தீப்பொறிக்குப் பயந்து வேலை செய்கிற ஒரு மணியை எதோடு சேர்ப்பது?

மணிக்கு வரம்பு என்பது லேசில் வந்ததல்ல. 1919-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையையே இதற்காகத்தான் போட்டது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48. ஆனால் அதே உடன்படிக்கையில் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60 மணி என்று தனி வாசகம். நம் ஜனங்களின் உடம்பு வேறே என்று நினைத்தார்கள் போலும். 1922-ல் 60, 1934-ல் 54, 1946-ல் 48 என்று இறங்கி வந்து, 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் அந்த 48 நிலைத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அதே 8, அதே 48. இடையில் 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் ஒரு மசோதா நிறைவேறி, எதிர்ப்பு எழும்பி, மே தினத்தன்று அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

சட்டம் மணியை எண்ணுகிறது. சரி. ஆனால் நம் பட்டாசுப் பகுதியில் பல வேலைகளுக்குக் கூலி எண்ணிக்கைக்குத்தானே? தீப்பெட்டி ஆபீசில் குரோஸ் கணக்கு, பயர் ஆபீசில் பீஸ் கணக்கு. என் சிறுவயதில் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் கிராமத்துக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தூக்கி ஏற்றுவார்கள். இருட்டின பிறகு கொண்டுவந்து விடுவார்கள். அந்தப் பிள்ளைகளின் மணிகளை யாரும் எண்ணவில்லை. அவர்கள் அடுக்கிய கட்டைகளை எண்ணினார்கள். சிவகாசிப் பிள்ளைகளுக்காகப் போடப்பட்ட வழக்கிலே 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கடினமான தீர்ப்பு கொடுத்தது. ஆபத்தான தொழிலில் சிறுவரை வைத்த முதலாளி, பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்த பஸ்களும் நின்றுபோயின. தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் எண்ணிக்கைக் கூலி நிற்கவில்லை.

இதை யோசிக்கும்போது யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரம் எனக்கு ஞாபகம் வந்தது. இஸ்ரவேலர் பார்வோனிடம் கேட்டது என்ன? மூன்று நாள் வழிப்பிரயாணம் போய் ஆராதிக்க அனுமதி. நம்முடைய பாஷையில் சொன்னால், லீவு! பார்வோன் என்ன செய்தான்? வேலை நேரத்தைக் கூட்டினான் என்று அங்கே இல்லை, கவனித்துப் பாருங்கள். வைக்கோலை நிறுத்தினான், செங்கல் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. அவ்வளவுதான். மீதியை எண்ணிக்கையே பார்த்துக்கொண்டது. ஆளோட்டி பிடரியில் நிற்காத வேளையிலும் அவனவன் தன்னைத்தானே ஓட்ட வேண்டியதாயிற்று. அதற்கும் மேலே அவர்களுக்குக் கிடைத்த பெயர் சோம்பேறிகள்.

எண்ணிக்கை ஓட்டும்போது கை அவசரப்படும். பட்டாசிலே அவசரம் என்றால் உராய்வு. மருந்து கலக்கிற வேலையை வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும், ஓர் அறையில் நாலு பேருக்குமேல் கூடாது, கலந்த மருந்தை மீதி வைத்து ராத்திரி தாண்டவிடக் கூடாது என்றெல்லாம் விதி சும்மா வைக்கவில்லை. வனாந்தரத்திலே மன்னாவை மறுநாளுக்கு வைத்தவர்களுக்குப் புழுத்துப் போயிற்று. இங்கே மீந்த மருந்தை வைத்தால் புழுக்காது, வெடிக்கும். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ல் முப்பது பேருக்கு மேல் மரித்தார்கள். அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12-ல் இருபது பேருக்கு மேல். அந்தந்த விபத்துக்குக் காரணம் இன்னது என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. களைத்த கையும் அவசரக் கையும் மருந்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது மட்டும் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"அப்படியானால் வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்களேன்" என்பீர்கள். நானும் அதைத்தான் அந்தச் சகோதரியிடம் சொன்னேன். முதல் தடவையாகக் குழாயைக் கீழே வைத்து என்னைப் பார்த்தார்கள். "தீபாவளி முடிஞ்சா எத்தனை நாள் சும்மா இருக்கணும், மழை வந்தா எத்தனை நாள் சும்மா இருக்கணும்னு யாரு கேக்கா அண்ணாச்சி? வாங்குன அட்வான்ஸ் அப்படியேதான நிக்கி?" உண்மைதானே. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பட்டாசுக்குப் புதுக் கட்டுப்பாடு விதித்தபோது ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அந்த மாதங்களில் இங்கே வாரத்துக்குப் பூஜ்யம் மணி. ஓய்வு என்று அதற்குப் பெயர் வைக்க முடியுமா? வேலை இல்லாமல் கிடப்பது ஓய்வல்ல, அது பட்டினி. ஆகையால் மணியைக் குறை என்று சும்மா சொல்வது, பசித்தவனிடம் போய் உபவாசம் இரு என்று சொல்வதுபோல் ஆகிவிடும். மணியைக் குறைத்தாலும் அடுப்பு எரிகிற கூலி வேண்டும்.

இன்னொரு பக்கம், இன்போசிஸ் நாராயணமூர்த்தி 2023 அக்டோபரில் நம் வாலிபர்கள் வாரத்துக்கு 70 மணி உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 என்றார். நாடெங்கும் விவாதம். நான் கவரை எடுத்துப் பார்த்தேன். 97½! நம் சகோதரி அவர்களை எப்போதோ தாண்டிவிட்டார்கள், ஒருவரும் பேட்டி எடுக்கவில்லை. வாரத்துக்கு 55 மணிக்கு மேல் வேலை செய்கிறவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் சொன்னார்கள். முதலாளிகள் 90 மணி உழைக்கிறது உண்மையாகவே இருக்கலாம். நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அவர் களைத்தால் எழுந்து போகலாம். போதும் என்று சொல்ல அவருக்கு வாய் இருக்கிறது. எனக்குத் தெரிந்து விஷயமே அங்கேதான் இருக்கிறது. உபாகமத்தில் ஓய்வுநாளுக்குக் கொடுத்த காரணத்தை வாசியுங்கள், நீ எகிப்திலே அடிமையாய் இருந்தாய் என்பதுதான் காரணம். வேலைக்காரனுக்கும், வேலைக்காரிக்கும், மாட்டுக்கும், கழுதைக்கும்கூட அந்த நாள் உண்டு. அவர்கள் வாய் திறந்து போதும் என்று சொல்ல முடியாது. அதனால் அவர்களுக்காகக் கட்டளையே சொல்லிவிட்டது.

இதை எழுத எனக்குத் தகுதி உண்டா? இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1990-களில் நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சூப்பர்வைசர். ஆடி 18-க்குக் காலண்டர் ஆல்பம் வெளியானதும் ஆர்டர் குவியும். ஐப்பசி, கார்த்திகையில் மூச்சுவிட நேரமிருக்காது. ஒன்றரை ஷிப்ட், டபுள் ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பு மையில் அச்சடித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமையும் மிஷின் ஓட்டினோம். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை! 1997-ல் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிங் மிஷினில் நின்ற ஒரு பையன் அசந்துவிட்டான். இரண்டு விரல்களின் நுனி போயிற்று. ஆனால் ரிஜிஸ்டரில் அவன் இரவு எட்டு மணிக்கே வீட்டுக்குப் போயிருந்தான். எழுதினது என் கை. எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவோம். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்ததோடு காரியம் முடிந்தது. அடுத்த ஞாயிறு நான் சபையில் பாட்டு நடத்தினேன்.

அந்தக் காணிக்கைக் கவர் கணக்குக்குப் பிறகு எனக்கு நிம்மதியில்லை. அவனைத் தேடிப் போனேன். சாத்தூர் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கிறார், நாற்பத்தைந்தைத் தாண்டின ஆள். எட்டு மணி என்று எழுதினதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கிளாசைக் கழுவிக்கொண்டே, "விடுங்க அண்ணாச்சி, அன்னைக்கு நீங்களும்தான் தூங்கலை" என்றார். கேட்காமல் இருக்க முடியவில்லை, இப்போது வாரத்துக்கு எத்தனை மணி என்றேன். விடியக்காலம் நாலுக்குக் கடை திறந்தால் ராத்திரி எட்டு ஆகிவிடுமாம். "அங்க பாத்ததைவிட இப்பத்தான் ஜாஸ்தி. ஆனா முடியலைன்னா ஷட்டரை இறக்கிருவேன். யாரைக் கேக்கணும்?"

ரிஜிஸ்டர் எந்த அலமாரியில் மக்கிக்கிடக்கிறதோ, அதில் அந்த எட்டு மணி இன்னும் அப்படியே இருக்கும்.

எங்கள் பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழு இரவு ஜெபத்தை சீசன் முடிகிற வரைக்கும் பத்து மணியோடு முடித்துவிடலாம் என்றார். மூப்பர்களில் ஒருவருக்குச் சம்மதமில்லை, இப்படியே போனால் அக்கினி குறைந்துவிடும் என்றார். வாக்குவாதம் நடந்தது. கடைசியில் மாற்றினோம்.

முதல் கூட்டத்துக்கு அந்தச் சகோதரி மகளோடு வந்தார்கள். இரண்டாம் பாட்டிலேயே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். எழுப்பலாம் என்று நான் எழுந்தேன். பாஸ்டர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். சூரைச்செடியின் கீழே படுத்த எலியாவைத் தூதன் ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை, சாப்பிட வைத்து மறுபடியும் தூங்கவிட்டான். ஒன்றேகால் மணி நேரம் தூங்கினார்கள். மைக் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தோம்.