பாட்டோடு வந்த நினைவு

பிரியமான பாட்டு ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அந்தப் பிரியம் பாட்டின் சொல்லுக்கு உரியதா, அதன் ராகத்துக்கு உரியதா, அல்லது அதை முதன்முதலில் நம் காதில் போட்டவர்களுக்கும் அவர்களோடு நாம் வாழ்ந்த வீட்டுக்கும் உரியதா என்று பிரித்துச் சொல்வது யாராலும் ஆகாத காரியம். தாலாட்டு, நடவுப் பாட்டு, சினிமாப் பாட்டு முதலியவற்றில் இப்படிப் பிரிக்க இயலாமற் போவதால் ஒரு நஷ்டமும் இல்லை; மனிதர்களுக்காக மனிதர்கள் பாடியவற்றைக் கேட்டு மனிதர்களை நினைத்துக்கொள்வதில் என்ன தவறு இருக்கிறது? ஆனால் தெய்வத்தை முன்னிறுத்திப் பாடப்பெற்ற பாட்டிலே, சந்நிதியில் கைகுவித்து நிற்கும்போது, ஓதுவாரின் குரல் எழுந்தவுடன் கண்கள் நனைகின்றன என்றால், அந்தக் கண்ணீர் எதிரே இருக்கும் மூர்த்திக்கு உரியதா, என்றோ மறைந்துபோன ஒரு மனித முகத்துக்கு உரியதா என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. பக்தி என்ற பெயரால் நாம் செய்வது பழைய ஞாபகங்களைச் சீராட்டிக்கொண்டிருப்பதுதானா? இதை லேசான கேள்வி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

என் வரையில் இந்தக் கேள்வியைக் கிளப்பிய பாட்டு, அப்பர் சுவாமிகள் நீற்றறைக்குள் இருந்து பாடியதாகப் பெரியபுராணம் கூறும் திருக்குறுந்தொகை. சிறு வயதில் விஷஜுரம் கண்டு நான் படுத்திருந்த நாட்களில், ஈரத்துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டபடி என் தாயார் அதைத்தான் பாடிக்கொண்டிருப்பார். அவர் சங்கீதம் பயின்றவர் அல்லர். கோயிலில் கேட்டுக் கேட்டு மனத்தில் தங்கியதை, அடுப்படியிலும் கிணற்றடியிலும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகியவர். வீணையின் நாதமும், மாலை நிலவும், தென்றலும், வண்டு மொய்க்கும் பொய்கையும் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பாட்டில் வரும்போது, பொருள் முழுவதும் விளங்காத அந்த வயதிலும், கொதிக்கிற உடம்பின்மேல் ஏதோ ஒரு தண்மை இறங்குவதாக எனக்குத் தோன்றும். அவர் காலமாகி வெகுகாலம் ஆயிற்று. இன்றும் எந்தக் கோயிலில் எந்த ஓதுவார் அதை எடுத்தாலும், ஈசனுடைய திருவடி நிழல் என் மனத்தில் தோன்றுவதற்கு முன்னால், துணியைப் பிழியும் ஒரு கை தோன்றிவிடுகிறது. நான் தொழுவது யாரை?

நம் நாட்டுச் சாஸ்திரங்களே இந்த விஷயத்தில் இரண்டு பக்கமாக நிற்கின்றன. யோக சூத்திரம் சித்தத்தின் விருத்திகளை ஐந்தாக வகுத்து, பிரமாணம், விபரியயம், விகல்பம், நித்திரை என்பவற்றோடு ஸ்மிருதியையும் வைத்து, நிரோதிக்கப்பட வேண்டியவற்றுள் அதையும் ஒன்றாக எண்ணுகிறது. பாகவதத்திலோ, பிரகலாதன் தன் தந்தைக்கு பக்தியின் ஒன்பது வகைகளை எடுத்துச் சொல்லுமிடத்தில், சிரவணம், கீர்த்தனம், ஸ்மரணம் என்ற மூன்றும் முதல் வரிசையில் நிற்கின்றன. கேட்பதும் பாடுவதும் நினைப்பதும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் அந்த வரிசை எனக்குப் பெரிய ஆறுதலைத் தருகிறது. ஆயினும், அங்கே சொல்லப்பட்ட ஸ்மரணம் விஷ்ணுவைப் பற்றியதே தவிர, பெற்றவர்களைப் பற்றியது அன்று என்று ஒருவர் ஆக்ஷேபித்தால், அவருக்கு நேரான விடை அந்த சுலோகத்தில் கிடைக்காது.

இந்தச் சங்கடம் நமக்கு மாத்திரம் உரியதும் அன்று. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்தின் பிஷப்பாக இருந்த புனித அகுஸ்தினார், தம் வாழ்க்கை முழுவதையும் கடவுளின் முன்னிலையில் விரித்துச் சொல்லுவதாக அமைத்த நூலின் பத்தாம் புத்தகத்தில், கோயிற் பாட்டைக் கேட்கும்போது தமக்கு உண்டாகும் இன்பத்தைக் குறித்தே அஞ்சுகிறார். பாடப்படும் பொருளைக் காட்டிலும் பாடும் குரல் தம்மை அதிகமாக உருக்கிவிட்டால் அது தம்முடைய குற்றமே என்கிறார். அலெக்ஸாண்டிரியாவில் பிஷப்பாக இருந்த அத்தனாசியார், வேதாகமத்துச் சங்கீதத்தைப் பாடுபவர் பேச்சுக்கு நெருங்கிய குரலில், ஏற்ற இறக்கம் மிகக் குறைவாகவே சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்ததை நினைத்து, அதுவே அபாயம் இல்லாத வழியோ என்றும் ஐயுறுகிறார். ஆனால் அதே மனிதர், அதற்கு முந்திய புத்தகத்தில், 387-ஆம் ஆண்டில் தம் தாய் மோனிக்கா ஒஸ்தியா துறைமுகத்தில் இறந்ததைச் சொல்லியிருக்கிறார். தாயை அடக்கம் செய்தபோதும் அழாமல் மனத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர், தூங்கி எழுந்து தனிமையில் படுக்கையில் கிடந்தபோது, மிலான் நகரத்து அம்புரோஸ் ஆயர் இயற்றிய மாலைப் பாட்டு ஒன்று நினைவுக்கு வருகிறது. அதன் பிறகே அவருடைய கண்ணீர் கட்டவிழ்கிறது. இந்த இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்துப் படிக்கிறவன், பத்தாம் புத்தகத்தின் பயத்தை மதித்தாலும், ஒன்பதாம் புத்தகத்தின் கண்ணீரைத்தான் நம்புவான். கடவுளை சிருஷ்டிகர்த்தா என்று வாழ்த்திய பாட்டு, ஒரு மகனுக்குத் தன் தாயை அழுவதற்கு வழி திறந்துவிட்டது. அதனால் அந்தப் பாட்டுக்குத் தெய்வத் தன்மை குறைந்துவிட்டதாக அவரே எங்கும் சொல்லவில்லை.

இந்தக் கேள்வியில் என் மனத்தைத் தெளிவித்த நூல் எதுவென்றால் பெரியபுராணந்தான். சேக்கிழார் பெருமான் செய்த காரியத்தைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். மூவர் பாடிய பதிகங்கள் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. பலவற்றில் தலத்தின் பெயரும் இறைவனின் பெருமையும் இருக்குமே அன்றி, பாடியவருக்கு அன்று என்ன நேர்ந்தது என்ற செய்தி வெளிப்படையாக இராது. அப்பதிகங்களில் எத்தனையோ பலவற்றுக்கு இடத்தையும் வேளையையும் நிகழ்ச்சியையும் சேர்த்து, இன்ன துன்பத்தில் பாடியது இது, இன்ன மகிழ்ச்சியில் பாடியது இது என்று அவர் காட்டிக்கொண்டே போகிறார். என் தாயார் பாடிய அந்தப் பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். அதன் முதற் செய்யுளில் நீற்றறை என்ற பேச்சே கிடையாது. தனியாகப் படித்தால் நிலவையும் தென்றலையும் கூறும் அழகிய இயற்கை வருணனையாகவும், இனிய உவமையாகவும் தோன்றும். பல்லவன் ஆணையால் ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாயில் அடைக்கப்பட்டிருந்த ஒருவர், அந்த வெப்பத்தின் நடுவில் இருந்துகொண்டு இந்தக் குளிர்ச்சியைப் பாடினார் என்று தெரிந்தபின், அதே சொற்கள் வேறு பாட்டாகவே ஆகிவிடுகின்றன. ஆகவே, பாட்டோடு ஒரு மனிதனின் ஞாபகம் சேர்வதால் பாட்டு களங்கப்படும் என்று சொல்லுவோமானால், சைவ உலகம் முழுவதும் களங்கப்பட்ட பாட்டையே தலைமுறை தலைமுறையாக ஓதி வருகிறது என்று சொல்ல வேண்டிவரும்.

நாயன்மார்களின் நினைவு வேறு, நம் வீட்டு நினைவு வேறு என்று சொல்வார் உண்டு. அவர்கள் அப்பரின் தமக்கையார் திலகவதியாரை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். தமக்கென்று நிச்சயிக்கப்பட்டிருந்த கலிப்பகையார் போரில் மாண்டபின் உயிரை விடத் துணிந்த அந்த அம்மையார், தம்பி ஒருவன் இருக்கிறானே என்பதற்காகவே உயிர் தாங்கினார். அந்தத் தம்பி வேறு சமயம் புகுந்து, பின்பு சூலைநோயால் வருந்தித் திருவதிகைக்குத் திரும்பி வந்து அக்காவின் காலில் விழுந்தபோது, திருநீறு கொடுத்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. அப்பருடைய முதற்பதிகம் பிறந்த இடம் அதுதான். அந்தப் பதிகத்தைப் பாடியபோது அவர் உள்ளத்தில் வீரட்டானத்து இறைவன் மாத்திரம் இருந்தான், நீறு அளித்த தமக்கையின் கை இல்லை என்று யார் துணிந்து கூற முடியும்? கடவுள் நமக்கு அநேகமாக ஒரு மனிதரின் கை வழியாகவே வந்து சேர்கிறார். அந்தக் கையைத் துடைத்து எடுத்துவிட்டுக் கடவுளை மாத்திரம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது, கேட்பதற்குப் பரிசுத்தமாக இருந்தாலும், நன்றி கெட்ட செயலாகவே எனக்குப் படுகிறது.

சில சமயங்களில் நினைவு பாட்டின் சுபாவத்தையே மாற்றிவிடுவதும் உண்டு. திருவாசகத்தில் உள்ள திருப்பொற்சுண்ணம், இறைவனின் திருமஞ்சனத்துக்காக மங்கையர் கூடிப் பொற்சுண்ணம் இடிக்கும் உற்சாகமான பாட்டு. யாழ்ப்பாணத்துச் சைவர்களோ அதை மரணச் சடங்கில் சுண்ணம் இடிக்கும்போது பாடுகிறார்கள். அவ்வூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர், எங்கள் ஊரில் திருவாசக முற்றோதலில் அந்தப் பகுதி வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு கேட்டதற்கு, அதைக் கேட்டால் தம் தகப்பனாரைக் கிடத்தியிருந்த முற்றம் கண்ணில் நிற்கிறது என்றார். எங்களுக்கு விழாவாக இருந்தது அவருக்கு விடைகொடுத்தலாக இருந்தது. எது சரி என்று வாதிக்க நான் விரும்பவில்லை. இறந்தவரின் உடம்பை நீராட்டுவதற்கு, இறைவனை நீராட்டுவதற்குப் பாடிய பாட்டையே எடுத்து வைத்துக்கொண்ட ஒரு சமூகத்தின் துணிவும் கனிவும் என்னை நெடுநேரம் பேசவிடாமல் செய்துவிட்டன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-ஆம் ஆண்டில் உயிர் நீங்கும் தறுவாயில் இருந்தபோது, அருகில் இருந்த மாணாக்கர் சாமிநாதையர் திருவாசகத்தில் அடைக்கலப்பத்தை வாசித்தார். அறுபது ஆண்டுகளுக்குப் பின், தம் சரித்திரத்தை ஆனந்த விகடனில் எழுதி வந்த காலத்தில், வாசித்தது எந்தப் பதிகம் என்பதை அவர் மறவாமல் குறித்திருக்கிறார். எத்தனையோ சுவடிகளின் பாடபேதங்களைச் சுமந்த அந்த மூளையில் அந்த ஒரு பதிகம் ஆசிரியரின் முகத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது இயற்கையே.

இவ்வளவு சொன்ன பிறகும் ஓர் அபாயத்தைச் சொல்லாமல் விட முடியாது. இமாம் கஸ்ஸாலி, இசை கேட்பதைப் பற்றித் தம் பெருநூலில் ஆராயுமிடத்தில், பாட்டானது உள்ளத்தில் இல்லாத எதையும் புதிதாகக் கொண்டுவந்து வைப்பதில்லை, ஏற்கெனவே மேலோங்கி நிற்பதையே கிளறுகிறது என்ற கருத்தை எடுத்துக்காட்டுகிறார். அப்படியானால் கிளறப்பட்டது என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். காளிதாசனின் சாகுந்தலத்தில் ஐந்தாம் அங்கம் அரண்மனைக்குள்ளிருந்து ஹம்ஸபதிகை பாடும் பாட்டோடு தொடங்குகிறது. சாபத்தால் சகுந்தலையை மறந்திருக்கும் துஷ்யந்தன் அதைக் கேட்டுக் காரணம் தெரியாத ஏக்கம் கொள்கிறான்; எந்தப் பிறவியிலோ நேசித்தவர்களின் வாசனை உள்ளே கிடந்து அசைகிறது போலும் என்று எண்ணுகிறான். காஷ்மீரத்து அபிநவகுப்தர் ரஸத்தைப் பற்றி விசாரிக்கையில் இந்த இடத்தை எடுத்தாளும் அளவுக்கு அது ஆழமானது. ஆனால் அடுத்து நடப்பது என்ன? சற்று நேரத்தில் அந்தச் சகுந்தலையே கர்ப்பவதியாக அவன் வாசலில் வந்து நிற்கிறாள். பாட்டைக் கேட்டு உருகிய அதே அரசன் அவளைத் தெரியாது என்று மறுத்துவிடுகிறான். சாபத்தின் மேல் பழியைப் போட்டு அவனை மன்னித்துவிடலாம். நமக்கு அப்படி ஒரு சாபமும் இல்லை. அம்மா பாடிய பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு, வீட்டுத் திண்ணையில் பேச்சுத்துணை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் கிழவியைக் கடந்து போகிறவனுடைய உருக்கம் பக்தியும் அன்று, தாய்ப்பாசமும் அன்று. வந்த நினைவு எதிரே இருப்பவரை அடையாளம் கண்டுகொள்ளச் செய்ததா என்பது ஒன்றையே நான் உரைகல்லாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த உரைகல்லில் தேறுகிற நினைவு, சந்நிதியில் வந்தாலும், படுக்கையில் வந்தாலும், வழிபாடுதான்.

எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலில் 1963-ல் இசைத்தட்டாக வந்த வேங்கடேச சுப்ரபாதமும், நாகூர் ஹனீபாவின் கணீரென்ற பாட்டுக்களும் எத்தனையோ வீடுகளில், மதபேதம் இன்றியும்கூட, விடியற்காலையின் ஞாபகமாகவே ஆகிவிட்டிருக்கின்றன. அவை செய்த உபகாரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இசைத்தட்டின் குரல் ஊருக்குப் பொது. ஒரு குழந்தைக்கு அதன் சொந்த வீட்டுக் குரலில் ஒரு பாட்டாவது வேண்டும். ஆதலால் இதைப் படிக்கிறவர்களிடம் இரண்டு விஷயங்களை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் வயது முதிர்ந்தவர் ஒருவர் இருந்தால், அவர் இளமையில் பாடிய பாட்டு எது என்று கேட்டு, அவர் பாடி முடிக்கிற வரையில் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். குழந்தைகள் இருந்தால், தேவாரமோ, திருப்பாவையோ, வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனையோ, உங்களுக்குத் தெரிந்த ஏதேனும் ஒன்றை நீங்களே உங்கள் குரலில் அவர்களுக்குப் பாடிக் காட்டுங்கள். சுருதி சேரவில்லை என்பதற்காக நிறுத்திவிடாதீர்கள்.