கடைசிச் சொல் வரும்வரை

வாக்கியத்தின் பொருள் இருப்பது தனித்தனிச் சொற்களிலா, முழு வாக்கியத்திலா? இந்திய மெய்யியலில் நெடுங்காலம் நடந்த இந்த வாதத்துக்குக் கொரிய மொழி ஒரு நல்ல உரைகல். அதில் வினை இறுதியில் வரும். எதிர்மறையும் வினாவும் அதற்கும் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம். கொரியப் பேச்சைக் கடைசிவரை கேட்டால்தான் புரியும் என்று கொரியர்களே சொல்வதுண்டு.

'நானுன் சின்குயெகே சேகுல்' என்பதுவரை படித்தவருக்கு நான், நண்பனுக்கு, புத்தகத்தை என மூன்றும் கிடைத்துவிடும். அடுத்து 'ஜுவொத்தா' வந்தால் கொடுத்தேன். 'ஜுஜி அனத்தா' வந்தால் கொடுக்கவில்லை. தமிழருக்கு இந்த அமைப்பு புதிதல்ல. முடிவு வரும்வரை முன்சொற்கள் மனத்தில் எந்த வடிவில் காத்திருக்கின்றன என்பதே கேள்வி.

முன்னெழுத்துகள் விட்டுச்சென்ற சம்ஸ்காரங்களோடு, அதாவது மனப்பதிவுகளோடு, சேர்ந்த கடைசி எழுத்தே பொருளை உணர்த்துகிறது என்றார் மீமாம்சை என்ற மெய்யியல் மரபின் உரையாசிரியர் சபரர். அவர் மரபில் வந்த குமாரிலர், சொற்கள் முதலில் தத்தம் பொருளைத் தரும், பிறகே அவை இணையும் என்றார். பிறவற்றோடு தொடர்புற்ற பொருளைத்தான் சொல் தரும் என்றார் பிரபாகரர். கொரிய உருபுகள் பிரபாகரர் பக்கம் சாய்கின்றன. 'சேக்' என்றால் புத்தகம். 'உல்' சேர்ந்து 'சேகுல்' ஆனதும், அதை யாரோ ஏதோ செய்யும் வினை ஒன்றை மனம் தேடத் தொடங்குகிறது. மீமாம்சகர் இந்தத் தேட்டத்தை ஆகாங்க்ஷை என்பர்.

வாக்கியபதீயம் எழுதிய பர்த்ருஹரிக்கு வாக்கியம் பிளவுபடாத ஒன்று. சொற்கள் இலக்கணத்துக்காகப் பிரித்துக் காட்டப்படுபவை. 'அனத்தா' அவருக்குச் சான்றாகும்: முன்சொல் ஒன்றுகூட மாறவில்லை, செய்தியோ தலைகீழாகிவிட்டது.

படித்து முடித்த பின் நிற்பது எது? 1967இல் உளமொழியியலாளர் ஜாக்குலின் சாக்ஸ் ஆங்கிலத்தில் நடத்திய சோதனையில், கேட்டவர்கள் சற்று நேரத்திலேயே சொல்லடுக்கை மறந்தார்கள். பொருள் மாறினால் மட்டும் கண்டுகொண்டார்கள். கொரியத்தில் 'சேகுல்' முன்னால் வந்தாலும் பொருள் அதுவே. எனவே எது முன்னால் வந்தது என்பது மறந்தாலும், யார் யாருக்கு எதைக் கொடுத்தார் என்பது நினைவில் தங்கலாம்.

படிக்கும்போது உறுப்புகள் எதிர்பார்ப்புகளாக நிற்கின்றன. படித்த பின் அவை கரைந்து முழுமை எஞ்சுகிறது. மீமாம்சகர் விளக்கியது முதல் நிலையை. பர்த்ருஹரி விளக்கியது இரண்டாவதை.