வேட்டைக்கு முன்பே தொடங்கும் பொறுப்பு

அமெரிக்காவில் வாத்து வேட்டைப் பருவம் தொடங்குமுன் அக்கறையுள்ள வேட்டைக்காரர் காகித இலக்கில் சுட்டு, எவ்வளவு தூரம்வரை தம் துப்பாக்கியின் சிதறுகுண்டுகள் நெருக்கமாகப் பாய்கின்றன என்று பார்க்கிறார். விழுந்த பறவையை நாணலுக்குள் தேடியெடுக்க நாயைப் பழக்குகிறார். இது வெறும் திறமை அல்ல, அறக் கடமை. கொல்லத் துணிந்தவர்தான் காயத்தோடு தப்பும் பறவையின் வேதனைக்கும் பொறுப்பு. குண்டைத் தேர்வதிலும் அதே பொறுப்பு உண்டு: வேட்டையில் சுடப்பட்டு நீரடியில் கிடந்த ஈயக் குண்டுகளைச் சிறு கற்களோடு விழுங்கி வாத்துகள் நஞ்சேறிச் செத்ததால்தான், 1991 முதல் அங்கே நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்துக்கு நாடு முழுவதும் தடை.

அவ்வளவு கருணை இருந்தால் ஏன் சுட வேண்டும் என்று கேட்பது நியாயமே. 1934 முதல் வேட்டைக்காரர்கள் வாங்கும் ‘வாத்து முத்திரை’ என்ற அரசு வில்லையின் பணம் சதுப்பு நிலங்களைக் காக்கிறது என்பார்கள் வேட்டையை ஆதரிப்போர். உண்மைதான். ஆனால் சுடாதவரும் அதை வாங்கலாமே! ஆகவே அந்தப் பணமோ முன்தயாரிப்போ கொலையை நியாயப்படுத்தாது. தயாரிப்பும் இல்லாவிட்டால் குற்றம் இரட்டிப்பாகிறது. தூரம் கணிக்கத் தெரியாதவர் துப்பாக்கியைத் தொடவே கூடாது.