கழிவுநீரும் அடியார்களின் ஹக்கும்



உயிருள்ள யாவற்றையும் தண்ணீரிலிருந்தே படைத்ததாக அல்லாஹுத்தஆலா தன் திருமறையில் (21:30) அறிவிக்கின்றான். அந்த நிஃமத்தைக் குழாயில் பெற்றுக்கொள்ளும் நாம், நாம் கழித்த நீர் எங்கே போய்ச் சேருகிறது என்று என்றேனும் சிந்தித்ததுண்டா?

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தின் ஓரத்தில் நெட்டுக்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு இருக்கிறது. வடசென்னையின் ஊடே வரும் பக்கிங்ஹாம் கால்வாயும் அக்கழிமுகத்தில்தான் சேருகிறது. மீனும் இறாலும் நண்டுமே அம்மக்களின் ரிஸ்க். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பரவியபோது, அவர்களின் வலைகளும் படகுகளும் கறுத்துப்போய்த் தொழில் முடங்கியது. அது ஆலையின் எண்ணெய். ஆனால் அதே கால்வாயில் ஆண்டு முழுவதும் சந்தடியின்றிக் கலப்பது வீடுகளின் கழிவு. அதில் நம் பங்கும் உண்டு.

ராயபுரம், தண்டையார்பேட்டை முதலிய பகுதிகளின் பாதாளச் சாக்கடை நீர் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறது. அங்கே கம்பிச் சல்லடை துணி, பிளாஸ்டிக் ஆகியவற்றைத் தடுக்கிறது. மணலும் சேறும் தொட்டிகளின் அடியில் படிகின்றன. பின்னர் காற்றைச் செலுத்தவே, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகி, கரைந்துள்ள அசுத்தத்தைத் தின்றுவிடுகின்றன. சுப்ஹானல்லாஹ்! 2019 முதல் அந்நீரில் ஒரு பகுதியை நுண்சவ்வுகளில் மீண்டும் வடிகட்டி, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை தொழிற்சாலைகளுக்கு வழங்கும் ஏற்பாடும் அங்கே உண்டு.

இவ்விதம் சுத்திகரித்த நீரில் ஒளுச் செய்யலாமா என்று சிலர் கேட்கின்றனர். சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 1978லும், மக்காவின் ஃபிக்ஹு மன்றம் 1989லும் இதனை ஆராய்ந்தன. நஜீஸின் நிறம், மணம், ருசி ஆகிய மூன்றில் ஒன்றின் அடையாளமும் எஞ்சாதவாறு முழுமையாகச் சுத்தமானால் அந்நீர் தூய்மையானதே என்றும், அதனால் தூய்மை செய்துகொள்ளலாம் என்றும் தீர்மானித்தன. அரைகுறையாக வடிகட்டப்பட்டு நாற்றம் மாறாத நீருக்கு இச்சட்டம் பொருந்தாது.

ஒளுவின் நீரைப் பற்றி இத்துணை நுணுக்கமாகக் கேட்கும் நாம், பிறருடைய ஆற்றில் நாம் விடும் நீரைப் பற்றிக் கேட்பதில்லையே! நீர்த்துறையிலும், பாதையிலும், மக்கள் ஒதுங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பது சாபத்துக்குரிய செயலென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். கரையோரம் உட்கார்ந்து அசுத்தம் செய்பவருக்கு இந்த எச்சரிக்கை என்றால், வீட்டுக் கழிவறைக் குழாயை மழைநீர்க் கால்வாயில் திருப்பிவிடுபவரின் கதி என்ன?

“அவர்கள் வேறு மார்க்கத்தவர்தானே” என்று எண்ணிவிடாதீர்கள். நம்மோடு உடன்படிக்கையில் வாழ்பவருக்கு அநீதி இழைத்தவனை எதிர்த்து மறுமையில் தாமே வழக்காடுவதாக அண்ணலார் (ஸல்) கூறியிருக்கிறார்கள். தொழுகையில் நேர்ந்த குறைக்கு அல்லாஹ்விடம் தவ்பா செய்யலாம். அடியாரின் ஹக்குக்கோ, உரியவரிடமே மன்னிப்புப் பெறவேண்டும். பெயரும் முகமும் அறியாத மீனவர்களிடம் எவ்வாறு சென்று கேட்பீர்கள்?

ஆகவே, வீட்டுக் கழிவறை பாதாளச் சாக்கடையோடு இணைந்துள்ளதா என்று பாருங்கள். துணியையும் சமையல் எண்ணெயையும் அதில் போடாதீர்கள். பள்ளிவாசலின் மலக்குழியை இறைக்கும் லாரி எங்கே கொட்டுகிறது என்பதை ஜமாஅத் நிர்வாகிகள் விசாரிக்கட்டும். குர்பானி நாளில் இரத்தமும் குடலும் கால்வாய்க்குப் போகாமல் குழியில் புதையுங்கள். இரு கைகள் கொள்ளும் ஒரு முத்து அளவு நீரில் நாயகம் (ஸல்) ஒளுச் செய்ததை எண்ணிக் குழாயைத் திறவுங்கள்.

அகத்தூய்மையையும் புறத்தூய்மையையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக! எவருடைய ஹக்கையும் சுமக்காமல் அவன் திருமுன் நிற்கும் பாக்கியத்தைத் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.